புகைப்படத் திருத்தத்துக்கு மடிக்கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் கல்யாணம், மணிவிழா, கோயில் திருவிழா, பழைய வீடுகள் ஆகியவற்றைப் படமெடுக்கும் நண்பர்கள், மடிக்கணினி வாங்கப் புறப்படுமுன் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், ஸ்டுடியோ வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைக் கொண்டு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதைக் குறிப்பிடவில்லை.

முதலில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

திரையைப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் ப்ராசசரின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். ஆனால் ப்ராசசர் மெதுவாக இருந்தால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். திரை பொய் சொன்னால் வேலையே தவறாகப் போகும்.

இதை நான் ஒரு கண்டாங்கிச் சேலையால் கற்றுக்கொண்டேன். தொழில் தொடங்கிய காலத்தில், விலை மலிவாகக் கிடைத்த ஒரு மடிக்கணினியில் மணிவிழா ஆல்பம் ஒன்றைத் திருத்தினேன். அந்த வீட்டு ஆச்சி அரக்கு நிறத்தில் கடுகு மஞ்சள் கட்டம் போட்ட கண்டாங்கி கட்டியிருந்தார்கள். என் திரையில் அந்த அரக்கு வெளிறிப் பழுப்பாகத் தெரிந்ததால், நிறச் செறிவைக் கூட்டினேன். போதவில்லை என்று மேலும் கூட்டினேன். ஆல்பம் அச்சாகி வந்தபோது சேலை குங்குமம் கொட்டியதுபோல் இருந்தது. அதைவிட மோசம், படக் கோப்பில் சிவப்பின் அளவைக் குறிக்கும் எண் அதன் உச்சமான 255-இல் போய் முட்டிக்கொண்டதால், நெசவின் இழையோட்டமே மறைந்து, சேலை வழவழப்பான சிவப்புத் தாளாகிவிட்டிருந்தது. ஆச்சி ஆல்பத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது என் சேலை இல்லையே, தம்பி" என்றார்கள். கோபப்படாமல் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. குறை ஆல்பத்தை அச்சிட்ட லேபில் இல்லை. நான் அனுப்பிய எண்களை அவர்கள் அப்படியே அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பக்கங்களை என் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன்.

"45 சதவீதம் என்டிஎஸ்சி", "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்றெல்லாம் விவரக் குறிப்பில் போடுகிறார்களே, அவற்றுக்கு என்ன பொருள்?

ஒரு திரையால் காட்ட முடிந்த நிறங்களின் பரப்பை, ஏதோ ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்கள் இவை. என்டிஎஸ்சி என்பது 1953-ஆம் ஆண்டின் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த அளவுகோல். எஸ்ஆர்ஜிபி என்பது 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கணினித் திரைகளுக்காக வகுத்தது. இணையத்தில் காணும் படங்களில் மிகப் பெரும்பான்மை இதில்தான் இருக்கின்றன. ஆல்பம் லேபுகளும் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் கோப்புகளையே கேட்கின்றன.

எஸ்ஆர்ஜிபியின் பரப்பு என்டிஎஸ்சியின் பரப்பில் ஏறத்தாழ 72 சதவீதம். ஆகவே விவரக் குறிப்பில் "72 சதவீதம் என்டிஎஸ்சி" என்று இருந்தால், அது எஸ்ஆர்ஜிபியை ஏறக்குறைய முழுமையாகக் காட்டக்கூடிய திரை என்று எடுத்துக்கொள்ளலாம். "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்றால், 45-ஐ 72-ஆல் வகுத்துப் பாருங்கள்: எஸ்ஆர்ஜிபியில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்றே கூடுதல். மலிவு மடிக்கணினிகளில் பலவும், விலை உயர்ந்த கேமிங் மடிக்கணினிகளில் சிலவும் இந்த 45 சதவீதத் திரையோடுதான் வருகின்றன. என்னைக் கவிழ்த்ததும் இந்த வகைத் திரையே. நிறப் பரப்பைப் பற்றி விவரக் குறிப்பு ஒன்றுமே சொல்லவில்லை என்றால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றே நான் பொருள் கொள்வேன்.

இவற்றைவிடப் பெரிய பரப்புகள் இரண்டு உண்டு. அடோபி நிறுவனம் 1998-இல் வகுத்த அடோபி ஆர்ஜிபி, அச்சு வேலையை, குறிப்பாகப் பச்சை, நீலப்பச்சை நிறங்களை மனத்தில் வைத்து உருவானது. திரைப்பட உலகிலிருந்து வந்த பி3, எஸ்ஆர்ஜிபியைவிட ஏறத்தாழ கால் பங்கு பெரியது. கல்யாண ஆல்பம் போடுகிறவருக்கு எஸ்ஆர்ஜிபி முழுமையாக இருந்தால் போதும். ஓவியக் காட்சிக்குரிய தரத்தில் அச்சிடுகிறவர் மற்ற இரண்டையும் யோசிக்கலாம்.

கடையில் நின்றபடியே திரையைச் சோதிக்க முடியுமா?

ஓரளவு முடியும். கடையில் ஓடும் விளம்பரக் காணொளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்தத் திரையிலும் அழகாகத் தெரியும்படி தேர்ந்தெடுத்த படங்கள் அவை. நீங்களே எடுத்து, அச்சிட்டு, கையில் வைத்திருக்கும் நாலைந்து படங்களின் கோப்புகளை ஒரு பென்டிரைவில் கொண்டுபோங்கள். அச்சுப் படங்களையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். ஒன்று அரக்குச் சேலையாக இருக்கட்டும். ஒன்று, வேட்டி சட்டையோடு வெயிலில் நிற்பவரின் படமாக இருக்கட்டும். வெள்ளைக்குள் மடிப்புகள் தெரிய வேண்டும். ஒன்று, கோயில் பிராகாரத்துக் கருங்கல் தூணாக இருக்கட்டும். இருட்டுக்குள் சிற்பத்தின் விளிம்புகள் தெரிய வேண்டும். இன்னொன்று மாநிற முகம். மணமகளின் முகத்தில் பச்சையோ ஊதாவோ ஏறியிருந்தால், எந்த எண்ணும் அந்தத் திரையைக் காப்பாற்றாது.

பிறகு திரையை முன்னும் பின்னும் சாய்த்து, பக்கவாட்டிலும் நகர்ந்து பாருங்கள். கோணம் மாறியதும் கறுப்பு வெளுத்தாலோ நிறம் தலைகீழானாலோ அது டிஎன் வகைத் திரை. விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். கடைசியாக, கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் சாம்பல் பட்டை ஒன்றைத் திறந்து பாருங்கள். அது படிக்கட்டுபோல் துண்டு துண்டாகவோ, நடுவில் இளஞ்சிவப்பு ஏறியோ தெரியாமல், சீராக மாற வேண்டும்.

ஓஎல்இடி வாங்கலாமா, ஐபிஎஸ் போதுமா?

இரண்டும் திரை வகைகள். ஓஎல்இடியில் கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்பு வேண்டிய இடத்தில் அது அணைந்தே போகும். நிறப் பரப்பும் பெரும்பாலும் பி3 அளவுக்கு இருக்கும். ஆனால் அதே காரணத்தால், திரையின் நிறத்தை மென்பொருள் சரியாகக் கட்டுப்படுத்தாத இடங்களில் எஸ்ஆர்ஜிபி படங்கள் மிகைச் செறிவோடு தெரியும். கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் பொய். கறுப்பும் ஓர் ஆபத்துதான்: திரையில் நிழலுக்குள் தெரிந்த விவரம் அச்சில் தெரியாமல் போகும், ஏனெனில் தாளின் கறுப்புக்கு அந்த ஆழம் கிடையாது. குறைந்த வெளிச்சத்தில் சில ஓஎல்இடி திரைகள் கண்ணுக்குப் புலப்படாமல் துடிப்பதால், நெடுநேரம் உட்காருகிறவர்களில் சிலருக்குத் தலைவலி வருகிறது. மென்பொருளின் பட்டிகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அவற்றின் தடம் படியவும் வாய்ப்புண்டு.

முழு எஸ்ஆர்ஜிபி காட்டும் நல்ல ஐபிஎஸ் திரை, அதுவும் பளபளப்பில்லாத மேற்பரப்போடு கிடைத்தால், நான் அதையே எடுப்பேன்.

4கே திரை அவசியமா?

இல்லை. 14 அங்குலத் திரையில் 1920-க்கு 1200 புள்ளிகள் என்றாலே அங்குலத்துக்கு 160 புள்ளிகளுக்கு மேல் வரும். அதைத் தாண்டினால் கூர்மை கூடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். 16-க்கு 10 விகிதத் திரை கிடைத்தால் நல்லது. நம் கேமராக்களின் 3-க்கு 2 விகிதப் படத்துக்கு உயரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

ரேம் எவ்வளவு வேண்டும்?

குறைந்தது 16 ஜிபி. ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கு 32 ஜிபி. இதற்கு நம் வேலையிலிருந்தே கணக்குச் சொல்கிறேன்.

நாம் போடும் 12-க்கு 36 அங்குல ஆல்பத்தில் விரிந்த ஒரு பக்கம், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 3,600-க்கு 10,800 புள்ளிகள். அதாவது ஏறத்தாழ 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரே ஒரு லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பட அடுக்குகளில் ஒன்றுக்கு) ஏறத்தாழ 117 எம்பி. 16 பிட்டில் (ஒரு நிறத்துக்கு இரண்டு பைட் வீதம்) வேலை செய்தால் அது இரட்டிப்பு. பின்னணி, ஏழெட்டுப் படங்கள், நிழல், மாஸ்க், எழுத்து என்று லேயர்கள் ஏற ஏறப் பக்கம் எவ்வளவு கனக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ரேம் நிரம்பியதும் மென்பொருள், கோப்புகள் தங்கும் எஸ்எஸ்டியைத் தற்காலிக ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போதுதான் மவுஸ் அம்பு வட்டமடித்துக்கொண்டே நிற்கும்.

பழைய படங்களை ஸ்கேன் செய்து சீராக்கித் தருகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். நம் பக்கத்து வீடுகளின் முகப்பில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் ஐயாக்கள், அப்பத்தாக்களின் படங்களில் பல பூச்சி அரித்தும் மங்கியும் கிடக்கின்றன. 6-க்கு 8 அங்குலப் படத்தை 1,200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1,200 புள்ளி வீதம்), 16 பிட் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், லேயர் ஏதும் போடுவதற்கு முன்பே கோப்பு 400 எம்பியைத் தாண்டும்.

வீடுகளைப் படமெடுப்பவர்களுக்கும் இதே நிலைதான். வளவின், அதாவது முற்றமுள்ள உள்கட்டின், நடுவில் வெயில் கொட்டும், சுற்றியுள்ள தாழ்வாரத்துத் தேக்குத் தூண்கள் இருட்டில் நிற்கும்; ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்காது. ஒரு கோணத்துக்கு மூன்று எக்ஸ்போஷர், ஐந்து கோணங்களைச் சேர்த்து ஒரு பனோரமா என்றால், பதினைந்து ரா கோப்புகளை (கேமரா பதிவுசெய்த, சுருக்காத மூலக் கோப்புகளை) மென்பொருள் ஒன்றாக இணைக்க வேண்டும். 8 ஜிபி வைத்துக்கொண்டு அதைத் தொடங்கிவிட்டுச் சாப்பிட்டு வரலாம்.

வாங்கும்போது ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்ததா, பிறகு கூட்ட முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் கூட்ட முடியாது.

கிராபிக்ஸ் கார்டு தேவையா? கேமிங் மடிக்கணினி வாங்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். 2023 ஏப்ரலில் லைட்ரூம் கிளாசிக் என்ற படத்திருத்த மென்பொருளில் செயற்கை நுண்ணறிவுவழி இரைச்சல் நீக்கம் (குறைந்த வெளிச்சப் படங்களில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பை நீக்குவது) வந்த பிறகு பதில் மாறிவிட்டது. கருவறைக்கு முன் விளக்கொளியில், ஃபிளாஷ் போட அனுமதியில்லாமல், 6,400 ஐஎஸ்ஓவில் எடுத்த படங்களை அது வியக்கத்தக்க அளவுக்குச் சுத்தம் செய்கிறது. அந்தக் கணக்கீடு முழுவதும் கிராபிக்ஸ் சிப்பின் தலையில்தான் விழுகிறது. தனி கார்டு இருந்தால் ஒரு படம் சில நொடிகளில் முடியும். ப்ராசசரோடு ஒட்டி வரும் சாதாரணக் கிராபிக்ஸில் நிமிடக்கணக்கில் ஆகும். ஒரு படமென்றால் பொறுத்துக்கொள்ளலாம், முந்நூறு படம் என்றால் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும்.

இந்த வசதியை அடிக்கடி பயன்படுத்துகிறவர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரிசையில், கார்டுக்கென்றே தனியாக 6 அல்லது 8 ஜிபி நினைவகம் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். பகலில், வெளியில், நல்ல வெளிச்சத்தில் எடுப்பவருக்கு அந்தப் பணம் வீண். கேமிங் மடிக்கணினிகளில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், அசையாத படத்தைத் திருத்துகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நிறப் பரப்பு எவ்வளவு என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கும்.

ப்ராசசர்?

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்த நடுத்தர இன்டெல், ஏஎம்டி ப்ராசசர் எதுவும் போதும். மாடல் எண்ணின் முடிவில் வரும் எழுத்தைப் பாருங்கள்: இன்டெலில் யூ என்று முடிந்தால் மின்சாரம் சிக்கனம், ஹெச் என்று முடிந்தால் வேகம். படங்களை மொத்தமாக ஏற்றுமதி செய்யும்போது மட்டுமே இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

எஸ்எஸ்டி 512 ஜிபி போதுமா?

ஒரு கல்யாணத்துக்கு 4,000 படங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு ஒன்று 25 முதல் 30 எம்பி இருக்கும். ஆக ஒரு கல்யாணம் 100 முதல் 120 ஜிபி. விண்டோஸும் மென்பொருள்களும் பிடித்துக்கொண்ட இடம் போக, 512-இல் மூன்று கல்யாணத்துக்கு மேல் தங்காது. முகூர்த்த மாதத்தில் அது இரண்டு வாரத்துக்குக்கூட வராது. 1 டிபி வாங்குங்கள், அல்லது இரண்டாவது எஸ்எஸ்டி பொருத்த இடமுள்ள மாடலாகப் பாருங்கள்.

எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் மடிக்கணினி படங்களின் இருப்பிடம் ஆகாது. கார்டிலிருந்து இறக்கிய அன்றே இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகல் எடுத்துவிட்டு, ஒன்றை வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள். நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கும்வரை கேமராவின் கார்டை அழிக்காதீர்கள். கழுத்துரு (செட்டிநாட்டுத் தாலி) பூட்டும் நொடியை மறுபடி நடத்திக் காட்டுங்கள் என்று எந்த வீட்டிலும் கேட்க முடியாது.

மேக்புக்கா, விண்டோஸா?

மேக்புக்கில் திரையைப் பற்றிய கவலை இல்லை. ஏர் மாடலிலேயே பி3 பரப்பு கிடைக்கும், தொழிற்சாலையிலேயே ஓரளவு சரிபார்த்து அனுப்புகிறார்கள். 2020-இல் வந்த எம்1 சிப்பே இன்றும் சாதாரணத் திருத்த வேலைக்குத் தாங்கும். ஆனால் அதன் நினைவகத்தைப் பின்னால் கூட்டவே முடியாது. 2024 அக்டோபர்வரை ஏர் மாடலின் அடிப்படை அளவு 8 ஜிபியாகவே இருந்தது. பழையது வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் ஏமாறுகிறார்கள். ஏர் மாடலில் விசிறி கிடையாது என்பதால், சித்திரை வெயிலில் குளிரூட்டியில்லாத அறையில் ஆயிரம் படங்களை ஏற்றுமதி செய்தால், சூட்டைக் குறைக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

விண்டோஸில் தேர்வு அதிகம், பழுது பார்ப்பதும் எளிது. எதை வாங்கினாலும், பழுதென்றால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, அல்லது மதுரைக்கோ திருச்சிக்கோ நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதை பில் போடுமுன் கேட்டுவிடுங்கள். ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால், எண்ணைக் கொடுத்து அதன் பெயரிலேயே பில் வாங்குங்கள். மடிக்கணினிக்கு வரி 18 சதவீதம், அது சிறு தொகையல்ல.

நல்ல திரை வாங்கியும் அச்சு இருட்டாக வருகிறதே?

அநேகமாகத் திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைத்திருப்பீர்கள். 400 நிட் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த முகம், ஒளியைப் பிரதிபலிக்க மட்டுமே தெரிந்த தாளில் இருண்டுதான் போகும். அச்சுக்குப் போகும் படத்தைத் திருத்தும்போது 100 முதல் 120 நிட் போதும். இதை அளக்கவும் நிறத்தைச் சரிசெய்யவும் ஸ்பைடர், காலிப்ரைட் போன்ற அளவீட்டுக் கருவிகள் இருக்கின்றன. திரையின் மேல் அதைத் தொங்கவிட்டால், அது நிறங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அளந்து, உங்கள் திரைக்கென்று ஓர் ஐசிசி புரொஃபைல், அதாவது நிறத் திருத்தக் கோப்பு, எழுதிக் கொடுக்கும். அந்தக் கருவியின் அமைப்பில் இலக்காக டி65 வெண்மையும் (பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை) 2.2 காமாவும் (நடுத்தர வெளிச்சங்களின் அளவு) வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும் என்பதால், நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். தேடும்போது அது எப்போதும் வேறொருவர் வீட்டில் இருக்கும். ஒன்று மட்டும்: 45 சதவீதத் திரையால் காட்டவே முடியாத நிறத்தை இந்தக் கருவியும் வரவழைக்காது.

வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து திருத்துவது?

இந்தக் கேள்வியை நம் ஊரில்தான் கேட்பார்கள், நம் ஊருக்கு இது தேவையும்கூட. வளவை ஒட்டிய தாழ்வாரம் காற்றோட்டமான இடம்தான், ஆனால் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அங்கே வெளிச்சத்தின் அளவும் நிறமும் வேறு வேறு. பச்சையும் சிவப்புமான வண்ணக் கண்ணாடி பதித்த சன்னல் அருகே உட்கார்ந்தால், அந்த நிறம் உங்கள் சட்டையிலும் மேஜையிலும் விழும். அதற்குக் கண் பழகிக்கொண்டு, படத்தின் நிறத்தை எதிர்த்திசையில் இழுக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் இதே சிக்கல்தான். ஒருமுறை திரையின் கீழ்ப்பாதி மட்டும் சிவந்து தெரிந்தது கண்டு திரை பழுது என்றே நினைத்துவிட்டேன்; சாளரத்து வெயில் சிவப்புக் கல்லில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

வெள்ளை அல்லது சாம்பல் சுவருள்ள உள்ளறை, நேர் வெயில் படாத இடம், நிறம் மாறாத ஒரு எல்இடி விளக்கு: இவை இருந்தால் போதும்.

மின் இணைப்பையும் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்கு எர்த் கம்பி இழுக்காமலே பிளக் பாயின்ட் வைத்திருப்பார்கள். உலோக உடல் கொண்ட மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுவிட்டு மணிக்கட்டை வைத்தால் சுருசுருவென்று உணர்வு வந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பழைய, புதுப்பித்த மடிக்கணினி வாங்கலாமா?

அலுவலகங்களிலிருந்து கழிந்து வரும் திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகள் உறுதியானவை, ரேம் கூட்டவும் பல மாடல்களில் வழியுண்டு. அவற்றின் திரைகளோ பெரும்பாலும் கணக்கு எழுதவும் மின்னஞ்சல் படிக்கவும் போட்டவை. அப்படி ஒன்றை மலிவாக வாங்கி, மிச்சப் பணத்தில் முழு எஸ்ஆர்ஜிபி காட்டும் வெளி மானிட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், அது புதிய நடுத்தர மடிக்கணினியைவிட நல்ல ஏற்பாடு. வீட்டிலேயே இருந்து திருத்துகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அந்த மாடல் விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காவிட்டால் லினக்ஸ் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், கிம்ப் ஆகியவற்றில் வேலை செய்ய முடியும்; பழக ஒரு மாதம் பிடிக்கும்.

வாங்கி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெற்றுப் படங்களைத் திரை நிறையத் திறந்து, செத்த புள்ளி இருக்கிறதா என்று இருட்டறையில் பாருங்கள். கண் வசதிக்கென்று இரவில் திரையை மஞ்சளாக்கும் அமைப்பையும், சூழலுக்கேற்ப வெளிச்சத்தைத் தானே மாற்றும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். திரும்பக் கொடுப்பதற்குக் கடைக்காரர் சொன்ன கெடு முடியுமுன், புதிய திரையில் திருத்திய ஒரே ஒரு படத்தை வழக்கமான லேபில் அச்சிட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் திரையின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். நான் இன்றும் அந்தப் பழைய கண்டாங்கிப் படத்தைத்தான் அனுப்புகிறேன். லேபில் இருப்பவர்கள் ஏன் என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.